செல்ஃப் அடிக்குது, வண்டி எடுக்கல: புது டீசல் பிக்கப்பில் எதை மாற்றுவது, எதை விடுவது?

சாவியைத் திருப்பி வண்டி எடுக்கவில்லை என்றால், சுற்றி நிற்பவர்களிடமிருந்து நான்கு யோசனை வரும். பேட்டரியை மாத்துங்க. செல்ஃபை இறக்கிப் பாருங்க. டீசல் ஃபில்டரைப் புதுசு போடுங்க. பேசாம கம்பெனி சர்வீஸுக்குக் கட்டி இழுத்துட்டுப் போயிடுங்க. நான்கில் ஒன்று சரியாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தால், சில நூறு ரூபாய் ரிலேயில் முடிய வேண்டிய வேலைக்குப் பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் ஃபில்டருக்கும் சேர்த்துப் பணம் போயிருக்கும்; அன்றைய வாடகையும் போயிருக்கும்.

இங்கே பேசுவது பொலேரோ பிக்கப், யோதா, தோஸ்த், இன்ட்ரா போன்ற டீசல் பிக்கப்புகளைப் பற்றி. அதிலும் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 கட்டாயமான பிறகு வந்த வண்டிகள். பழைய பம்ப் வண்டியில் பம்பின் சொலினாய்டுக்கு 12 வோல்ட் கிடைத்து இன்ஜின் சுற்றினால் போதும், டீசல் போய்விடும். தள்ளிவிட்டுக்கூட எடுத்துவிடலாம். இந்தப் புது வண்டிகளில் இருப்பது காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக உயர் அழுத்த டீசல் நிற்கும் குழாய். அதில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் திறப்பது இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியு. அது மூன்று விஷயத்தைக் கேட்கும்: தான் விழித்திருக்கப் போதுமான வோல்டேஜ், இன்ஜின் சுற்றுகிறது என்று சொல்லும் கிராங்க் சென்சார் சிக்னல், ரெயிலில் போதுமான டீசல் பிரஷர். இதில் ஒன்று குறைந்தாலும் எவ்வளவு நேரம் செல்ஃப் அடித்தாலும் ஒரு சொட்டு டீசல் உள்ளே போகாது. ஆகவே எதில் பணம் போடுவது என்ற கேள்வி, இந்த மூன்றில் எது குறைகிறது என்ற கேள்விதான். அதற்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். "டக்டக்டக்" என்று வேகமாக அடித்து லைட்டும் மங்கினால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. செல்ஃபின் சொலினாய்டு இழுக்கிறது. இழுத்ததும் வோல்டேஜ் விழுந்து விட்டுவிடுகிறது. வோல்டேஜ் ஏறியதும் மறுபடி இழுக்கிறது. அதனால்தான் அந்தத் தொடர் சத்தம்.

ஒரே ஒரு "டக்", லைட் அப்படியே பிரகாசமாக இருக்கிறது என்றால் சந்தேகம் செல்ஃபின் மீது: சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புக் கான்டாக்ட் கருகியிருக்கலாம், கார்பன் தேய்ந்திருக்கலாம். ஒரே "டக்", ஆனால் லைட் அணையும் அளவுக்கு மங்குகிறது என்றால் செல்ஃப் சுற்ற முயன்று முடியாமல் நிற்கிறது. பேட்டரி சரியாக இருந்தால் செல்ஃப் ஜாம் ஆகியிருக்க வேண்டும், அல்லது இன்ஜினே பிடித்திருக்க வேண்டும். மழைவெள்ளத்தில் போய் வந்த வண்டி இப்படிச் செய்தால் இரண்டாவது தடவை சாவியைத் திருப்பவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் அடுத்த திருப்பலில் கனெக்டிங் ராடு வளையும்.

சத்தமே இல்லை, டாஷ்போர்டு விளக்கெல்லாம் நன்றாக எரிகிறது என்றால், செல்ஃபுக்குச் சிக்னலே போகவில்லை. ஜோராகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பேட்டரியையும் செல்ஃபையும் பெரும்பாலும் மறந்துவிடலாம். சென்சார் அல்லது டீசல் பக்கம் போக வேண்டும். அதிலும் வழக்கத்தைவிட இலகுவாக, அழுத்தமே இல்லாமல் விர்ரென்று சுற்றினால் உடனே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட்டோ செயினோ போன இன்ஜின் அப்படித்தான் சுற்றும்.

மிச்சமிருப்பது இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றும் வண்டி. அதிகம் தவறாகக் கணிக்கப்படுவது இதுதான்.

பேட்டரியா, கேபிளா, செல்ஃபா?

மெதுவாகச் சுற்றினால் பேட்டரியை மாற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. புது பேட்டரியின் பலத்தில் ஒரு மாதம் ஓடும், பிறகு அதே கதை. மூன்றையும் பிரித்துப் பார்க்க நான்கு அளவு எடுத்தால் போதும்.

முதல் அளவு, வண்டி நின்று நான்கைந்து மணி நேரம் ஆனபின், எல்லாம் ஆஃபில் இருக்க, பேட்டரியின் இரண்டு முனையிலும். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0-க்கு வந்துவிட்டால் கால்வாசி. 12.4-க்குக் கீழே இருந்தால் முதலில் வெளியே சார்ஜ் போட்டு நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அளவுக்குப் போக வேண்டும். காலி பேட்டரியை வைத்துச் செல்ஃபைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

இரண்டாவது, சார்ஜ் நிரம்பிய பேட்டரியில் ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது அதே இரண்டு முனையிலும். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி ஆம்பியர் இழுக்கிறது. இரண்டில் எது என்பதைப் பேட்டரிக் கடையில் இருக்கும் லோடு டெஸ்டர் சொல்லும். பேட்டரி மேல் அச்சிட்ட சிசிஏ (குளிரில் செல்ஃப் அடிக்கத் தரக்கூடிய ஆம்பியர்) எண்ணில் பாதி ஆம்பியரை 15 விநாடி இழுத்தும் 9.6-க்குக் கீழே போகவில்லை என்றால் பேட்டரியில் குறை இல்லை. தண்ணீர் ஊற்றும் பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் இன்னும் மலிவான வழி. ஆறு செல்லில் ஐந்து ஒரே மாதிரி காட்டி, ஒன்று மட்டும் 0.050 குறைவாகக் காட்டினால் அந்த பேட்டரியைச் சார்ஜ் போட்டு மீட்க முடியாது.

மூன்றாவது அளவை அநேகமாக யாரும் எடுப்பதில்லை. ஆனால் அதிகம் பணம் மிச்சம் பிடிப்பது அதுதான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழின் மேலேயே வையுங்கள். கிளாம்பின் மேல் வேண்டாம். மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில். செல்ஃப் அடிக்கும்போது 0.2, அதிகம் போனால் 0.3 வோல்ட்தான் காட்ட வேண்டும். ஒரு வோல்ட் காட்டினால் எர்த் கேபிள் கெட்டிருக்கிறது. நான்காவது அளவு பாசிட்டிவ் பக்கம்: பேட்டரியின் பாசிட்டிவ் குமிழிலிருந்து செல்ஃபில் கேபிள் ஏறும் தடித்த ஸ்டட் வரை. அங்கே 0.5-ஐத் தாண்டக் கூடாது.

பிக்கப்பில் இது ஏன் இவ்வளவு முக்கியம்? மணல், உரம், மீன், காய்கறி என்று ஈரமும் உப்பும் ஏற்றுகிற வண்டி இது. சேசிஸில் எர்த் கேபிள் ஏறும் இடத்தில் வாஷருக்கு அடியில் துரு பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நட் இறுக்கமாகவே இருக்கும். அதைக் கழற்றி, சேசிஸையும் கேபிள் காதையும் எமரி பேப்பரில் பளபளவென்று தேய்த்து, திரும்ப முறுக்கி, மேலே கிரீஸோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவினால் வேலை முடிந்தது. செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. மெதுவாகச் சுற்றும் வண்டிக்கு இந்தச் சோதனை செய்யாமல் பேட்டரி வாங்கவே கூடாது.

நான்கு அளவும் சரியாக இருந்து, பேட்டரியும் லோடு டெஸ்டில் தேறி, அப்போதும் இழுத்து இழுத்துச் சுற்றினால் அது செல்ஃப்.

பேட்டரி மாற்றுவதுதான் முடிவு என்றால் அதே ஆம்பியர்-அவர், அதே சிசிஏ அல்லது சற்றுக் கூடுதல், பாசிட்டிவ் முனை அதே பக்கம். முனை மாறியிருந்தால் கேபிள் எட்டாமல் இழுத்துக் கட்டுவார்கள், அதிர்வில் தளரும். பிடிப்புக் கம்பியும் ஜே போல்ட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். காலி வண்டி குதிக்கும் குதிக்குத் தளர்ந்த பேட்டரிக்குள் பிளேட் உதிரும். நல்ல பேட்டரிகூட வாரண்டிக்குள்ளேயே போகும்.

பேட்டரி மறுபடி மறுபடி இறங்குகிறதா?

புது பேட்டரி போட்டும் இரண்டு நாள் நின்றால் எடுக்கவில்லை என்றால் குறை பேட்டரியில் இல்லை. இன்ஜின் ஓடும்போது முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது. அடுத்து, நிற்கும்போது யார் குடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து இடையில் கோர்த்து, கதவையெல்லாம் மூடி அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். இசியு உடனே தூங்காது. அவசரப்பட்டுப் பார்த்தால் பொய்யான அளவு வரும். மீட்டர் இடையில் இருக்கும்போது சாவியைத் தொடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அரை ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர் போகிறது. மூன்று நாளில் 36. 60 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அதற்குப் பிறகு டீசல் இன்ஜினைச் சுற்ற மிச்சம் இருக்காது. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ அந்த லைனில் தேடுங்கள். பெரும்பாலும் பின்னால் சேர்த்தவைதான் கிடைக்கும்: சாவிக்குக் கட்டுப்படாமல் நேராக பேட்டரியில் கொடுத்த மியூசிக் சிஸ்டம், எல்இடி பார், ஜிபிஎஸ் கருவி. எந்த ஃபியூஸுக்கும் விழவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே டயோடு போயிருந்தால் நிற்கும்போது அதன் வழியாகவே பேட்டரி இறங்கும்.

செல்ஃப்: ரிப்பேரா, புதுசா?

நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிற ஊரில், கார்பன், புஷ், சொலினாய்டு கான்டாக்ட் இந்த மூன்றுக்கும் ரிப்பேர்தான் சரியான முடிவு. இவை தேய்வதற்கென்றே உள்ள பொருட்கள். மாற்றினால் செல்ஃப் மறுபடி நீண்ட காலம் ஓடும். உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் கருகியிருந்தால் கணக்கு மாறும். ரீவைண்டிங் செய்யலாம், ஆனால் பிஎஸ்-6 பிக்கப்புகளில் வருவது பெரும்பாலும் கியர் ரிடக்‌ஷன் செல்ஃப். அதன் ஆர்மேச்சர் சிறியது, மிக வேகமாகச் சுற்றுவது. கையால் சுற்றிய ஆர்மேச்சரில் பேலன்ஸ் சற்றுத் தவறினாலும் புஷ்ஷைத் தின்றுவிடும். ஆர்மேச்சர் போய்விட்டால் புதிய ஆர்மேச்சர், அல்லது முழுதாக ஒரிஜினல் செல்ஃப். பெயர் தெரியாத மலிவு செல்ஃப் மூன்றாவது தேர்வாகக்கூட வேண்டாம்.

எந்த வழியில் போனாலும், இறக்கிய இடத்தில் ஃபிளைவீலின் ரிங் கியரை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் எப்போதும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் நிற்கும். அங்கே மட்டும் பல் தேய்ந்திருக்கும். அதை விட்டுவிட்டுச் செல்ஃபை மட்டும் மாற்றினால் "கர்ர்" என்ற சத்தம் போகாது, புதிய பினியனும் தேயும்.

சத்தமே இல்லாதபோது

கிளட்ச்சை முழுதாக மிதித்துப் பாருங்கள். பல மாடல்களில் கிளட்ச் பெடலில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அது அமுங்கவில்லை என்றால் இசியு செல்ஃபை விடாது. பெடலுக்கு அடியில் ரப்பர் மேட் மடிந்து கிடந்தாலே போதும். பிறகு ஸ்டார்டர் ரிலே. பக்கத்தில் அதே எண் போட்ட இன்னொரு ரிலே, உதாரணத்துக்கு ஹாரன் ரிலே இருந்தால் இரண்டையும் மாற்றிச் சொருகுங்கள். எடுத்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் சிமிட்டினால் திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை. சாவிக்கொத்தில் இன்னொரு வண்டியின் சிப் சாவியோ உலோகப் பட்டையோ தொங்கினால் கழற்றிவிட்டு முயலுங்கள். அடுத்து ஸ்பேர் சாவி.

தவணையில் எடுத்த வண்டியா, முதலாளி ஜிபிஎஸ் போட்ட வண்டியா? அப்படியானால் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு கறுப்பு ரிலே டேப் சுற்றித் தொங்கும் வாய்ப்பு அதிகம். வண்டியைத் தூரத்திலிருந்து நிறுத்துவதற்காக ஸ்டார்ட்டர் அல்லது இக்னிஷன் வயரை வெட்டி அதைச் சேர்த்திருப்பார்கள். சாலிடர் இல்லாமல் முறுக்கி டேப் ஒட்டிய இணைப்பு ஓராண்டில் பச்சை பூக்கும். ஸ்டார்ட் ஆகாத புது வண்டியில் இசியுவைச் சந்தேகப்படும் முன் இந்த ரிலேயைத் தேடிக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். போட்டவர்களுக்குச் சொல்லாமல் அதைக் கழற்றுவது வேறு சிக்கல்; அவர்கள் ஆளை வரவழைத்துக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

ஜோராகச் சுற்றியும் பற்றவில்லை: சென்சாரா, டீசலா?

இங்கேதான் இசியுவோடு ஸ்கேனரை இணைத்து ஸ்கேன் போடுவதா, பாகத்தை மாற்றுவதா என்ற முடிவு வருகிறது. தயக்கமே வேண்டாம், ஸ்கேன்தான். பெட்ரோல் காலத்துப் பழக்கத்தில் எரர் கோடை மட்டும் படித்துவிட்டு மூடிவிடும் இடங்கள் உண்டு. அது போதாது. செல்ஃப் அடிக்கும்போது லைவ் டேட்டாவில் இரண்டு எண்ணைப் பார்க்க வேண்டும்: இன்ஜின் ஆர்பிஎம், ரெயில் பிரஷர்.

ஆர்பிஎம் 200-க்கு மேல் காட்டினால் நல்லது. இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஸ்கேனரில் 0 என்றால் கிராங்க் சென்சார், அதன் வயர், அல்லது கனெக்டர். பி0335 என்ற கோடும் பெரும்பாலும் கூடவே இருக்கும். ஸ்கேனர் இல்லாத இடத்தில் ஒரு குறுக்கு வழி: செல்ஃப் அடிக்கும்போது டாஷ்போர்டில் ஆர்பிஎம் முள் லேசாகத் துள்ளுகிறதா பாருங்கள். பல வண்டிகளில் சென்சார் வேலை செய்தால் துள்ளும். சென்சாரைக் கழற்றி நுனியில் ஒட்டியிருக்கும் இரும்புத்தூளைத் துடைத்துப் போட்டாலே சில வண்டி எடுத்துவிடும். இரண்டு வயர் சென்சாரை ஓம் மீட்டரில் சோதிக்கலாம். மூன்று வயர் சென்சாரில் ஓம் அளவு எதையும் சொல்லாது. அதற்கு வோல்டேஜ் பார்க்க வேண்டும். பி0340 என்றால் கேம் சென்சார். சில இன்ஜின் அது இல்லாமலும் சற்று நேரம் சுற்றி எடுத்துவிடும், சில எடுக்காது.

ஆர்பிஎம் வருகிறது, ரெயில் பிரஷர் வரவில்லை என்றால் பிரச்சினை டீசலில். பொதுவாக 200 பார் அளவுக்குப் பிரஷர் ஏறினால்தான் இசியு இன்ஜெக்டரைத் திறக்கும். நல்ல இன்ஜினில் இரண்டு மூன்று விநாடியில் அதைத் தாண்டிவிடும். 80, 100 என்று தடுமாறி நின்றால், கோடு பி0087 (ரெயில் பிரஷர் குறைவு) வந்தாலும் வராவிட்டாலும், பிரஷர் எங்கோ உருவாகவில்லை அல்லது எங்கோ ஒழுகுகிறது. பம்ப் போச்சு என்று உடனே சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். பம்ப் கடைசிச் சந்தேகமாக இருக்க வேண்டும், காரணம் விலை.

வரிசை இதுதான். டேங்கில் டீசல் இருக்கிறதா. மீட்டர் முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். ஃபில்டருக்கு அடியில் இருக்கும் டிரெயின் ஸ்குருவைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். கேனிலும் பேரலிலும் வாங்கி ஊற்றுபவர்களின் வண்டியில் இது மழைக்காலத்தில் சாதாரணம். ஃபில்டர் மாற்றி அதிக நாள் ஆகியிருந்தால் மாற்றுங்கள். அந்த வண்டியின் கி.மீ. கணக்கு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். கறுத்த டீசல் வந்தால் கணக்கைப் பார்க்கத் தேவையில்லை.

பிறகு ஏர். கையால் அமுக்கி டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமர் பல்ப் இருந்தால் கல் மாதிரி இறுகும் வரை அமுக்குங்கள். அமுக்கியதும் வண்டி எடுத்து, மறுநாள் காலை மறுபடி எடுக்கவில்லை என்றால் இரவு முழுவதும் டீசல் டேங்குக்கு இறங்குகிறது. எங்கோ காற்று புகுகிறது. ஃபில்டருக்கு முன்னால் உள்ளே தெரியும் ஹோஸ் ஒரு சாண், பின்னால் ஒரு சாண் போட்டுப் பாருங்கள். முன்னாலேயே குமிழி வந்தால் டேங்கிலிருந்து வரும் லைனில் ஓட்டை. பின்னால் மட்டும் வந்தால் ஃபில்டர் சீலோ கனெக்டர் ஓரிங்கோ. ஃபில்டர் மாற்றிய அன்றிலிருந்து தொந்தரவு தொடங்கியது என்றால் இந்த ஓரிங்தான் முதல் குற்றவாளி: மடிந்திருக்கும், அல்லது பழையதையே போட்டிருப்பார்கள்.

சப்ளை சரி, ஏர் இல்லை, அப்போதும் பிரஷர் ஏறவில்லை என்றால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, ஒரே அளவு சிறு பாட்டில்களில் விட்டு, பத்து விநாடி செல்ஃப் அடிக்க வேண்டும். நல்ல இன்ஜெக்டர் கொஞ்சம்தான் விடும். மூன்று பாட்டிலில் அடி நனைந்து நான்காவது பாதி நிறைந்தால் ரெயிலில் ஏற வேண்டிய டீசல் அந்த வழியாகப் போகிறது. எல்லா பாட்டிலும் காலி, பிரஷரும் இல்லை என்றால்தான் பம்பையும் அதன் மேல் இருந்து டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வையும் பார்க்க வேண்டும். மீட்டரிங் வால்வை மட்டும் தனியாக மாற்ற முடியும் என்பதை மறக்காதீர்கள். முழு பம்புக்கு விலை சொல்லும் முன் அதைச் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய இன்ஜினில் நாசில் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. செல்ஃப் அடிக்கும்போது வரும் 200 பாரே தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்தும். இன்ஜின் ஓடும்போது ரெயிலில் ஆயிரம் பாருக்கு மேல் போகும். அப்படி டீசல் ஏறிய விரலில் வெளியே ஊசிக்குத்து அளவுக்குத்தான் காயம் தெரியும். உடனே அறுவைச் சிகிச்சை இல்லையென்றால் விரலையே இழக்க நேரும்.

ரிட்டர்ன் அதிகமான இன்ஜெக்டர்: ரீகண்டிஷனா, புதுசா?

ஒரு புது இன்ஜெக்டரின் விலை எளிதில் ஐந்து இலக்கத்தைத் தொடும் என்பதால் ரீகண்டிஷன் ஆசை இயல்பு. டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் டீசல் லேபில், வால்வும் நாசிலும் ஒரிஜினல் போட்டு, சோதனை அளவை அச்சிட்டுக் கொடுப்பார்கள் என்றால் ரீகண்டிஷன் நல்ல முடிவு. சோதனைத் தாள் தராத இடத்தில் வேண்டாம். ஒரு இன்ஜெக்டர் மட்டும் போயிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம், ஆனால் நான்கையும் பெஞ்சில் பார்த்த பிறகு. இறக்கிய வேலைக்கூலி எப்படியும் கொடுத்தாகிவிட்டது.

எதுவானாலும் இரண்டு விஷயம் விடக் கூடாது. இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டை ஸ்கேனர் வழியாக இசியுவில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் புகையும் தட்டலும் வரும், பிறகு இன்ஜெக்டரையே குறை சொல்வார்கள். அடியில் இருக்கும் செம்பு வாஷர் புதிதாக இருக்க வேண்டும். பழையதைச் சூடுபண்ணிப் போடுவது இங்கே செல்லாது.

காலையில் மட்டுமா, சூட்டில் மட்டுமா?

எப்போது எடுக்கவில்லை என்று மெக்கானிக்கிடம் சொல்வது பாதி வேலையை மிச்சப்படுத்தும். காலையில் மட்டும் என்றால் ஏர் புகுதல் அல்லது பேட்டரி. குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் சமவெளியில் ஓடும் நேரடி இன்ஜெக்‌ஷன் டீசலுக்கு அது கெட்டாலும் அநேகமாக எடுத்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் வண்டி என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

சூட்டில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுக்கவில்லை, ஆறினால் எடுக்கிறது என்றால் கிராங்க் சென்சாரும் இன்ஜெக்டர் ஒழுகலும்தான் முக்கியச் சந்தேகம். சென்சாரின் உள் வயர் சூட்டில் விலகும். டீசல் சூட்டில் நீர்த்து, தேய்ந்த இன்ஜெக்டர் வழியே கூடுதலாக ஒழுகும். சூடான இன்ஜினில் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் மட்டும் செல்ஃபைச் சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட வண்டியை ஆறிய நிலையில் சோதித்து "எல்லாம் சரியா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தால் அது சோதனையே இல்லை.

எடுத்து உடனே அணைகிறதா? சப்ளை, ஏர், அல்லது இம்மொபிலைசர். புகையைச் சுத்தம் செய்யும் யூரியா திரவமான டிஇஎஃப்புக்குத் தனி டேங்க் உள்ள மாடலில், டாஷ்போர்டு சொன்ன கி.மீ. எச்சரிக்கையைப் பல நாள் தாண்டி ஓட்டியிருந்தால், இசியு மறு ஸ்டார்ட்டையே தடுக்கலாம். டிஇஎஃப்பைத் தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியை ஆனில்கூட வைக்க வேண்டாம். டேங்க் இறக்கிக் கழுவுவதோடு முடியும். ஸ்டார்ட் பண்ணிவிட்டால் பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து போகும்.

வழியில் நின்றுவிட்டால்

ஜம்ப், தள்ளு, ஸ்பிரே என்று மூன்று வழி சொல்வார்கள். ஜம்ப் மட்டும்தான் ஏற்கத் தக்கது. அதுவும் 12 வோல்ட் வண்டியிலிருந்து. பெரிய லாரி, பஸ் எல்லாம் பெரும்பாலும் 24 வோல்ட். அதன் இரண்டு பேட்டரிக்கும் குறுக்கே கேபிள் போட்டால் உங்கள் இசியுவும் மீட்டர் கன்சோலும் புகைந்துவிடும். ஹைவேயில் உதவ வரும் லாரிக்காரர் நல்ல மனதோடுதான் கேபிளை எடுப்பார், நீங்கள்தான் மறுக்க வேண்டும். 12 வோல்ட் வண்டியோடு உதவ ஒருவர் வந்தால், சிவப்பு கேபிளை உங்கள் பாசிட்டிவ், பிறகு அவர் பாசிட்டிவ். கறுப்பை அவர் நெகட்டிவ், கடைசி முனையை உங்கள் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரி நெகட்டிவிலேயே கொடுத்தால் பொறி பட்டு பேட்டரி வாயு வெடிக்கக்கூடும். கேபிள் 25 சதுர மி.மீ. செம்பாவது இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் மெல்லிய கேபிள் சூடாகும், டீசலைச் சுற்றாது. இணைத்து ஐந்து பத்து நிமிடம் அவர் வண்டியை ஓடவிட்டுப் பிறகு செல்ஃப் அடியுங்கள்: ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் அரை நிமிடமாவது இடைவெளி.

தள்ளுவதில் பயன் குறைவு. பேட்டரி முழுதாக இறங்கியிருந்தால் இசியு விழிக்காது, எவ்வளவு தள்ளினாலும் டீசல் போகாது. இசியு விழித்து டீசல் போனாலும், எரியாத டீசல் சைலன்சர் பக்கம் போனால் பிஎஸ்-6 வண்டியின் கேட்டலிஸ்ட்டுக்கும் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்புக்கும் கேடு. ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயோ, ஏர் ஃபில்டரில் பெட்ரோல் துணியோ கூடவே கூடாது. குளோ பிளக் சூட்டில் நேரமல்லாத நேரத்தில் பற்றி பிஸ்டனை உடைக்கும்.

கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா?

வாரண்டி உள்ள வண்டி என்றால் எரிபொருள், இசியு, வயரிங் எதையும் வெளியில் தொடவிடாதீர்கள். ஒரு வயரை வெட்டியிருந்தால் அதைக் காட்டியே மறுக்க இடம் கிடைக்கும். பேட்டரிக்கு அந்த பேட்டரி கம்பெனியின் வாரண்டி தனி, அதை அவர்கள் டீலரிடமே கேளுங்கள்.

வாரண்டி முடிந்தால் வேலையைப் பிரித்துக் கொடுப்பது நல்லது. பேட்டரி, கேபிள், செல்ஃப், ஆல்டர்னேட்டருக்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன். இன்ஜெக்டர், பம்புக்கு டெஸ்ட் பெஞ்ச் உள்ள டீசல் லேப். இம்மொபிலைசர், சாவி கோடிங், இசியு சாஃப்ட்வேர் இவற்றுக்குக் கம்பெனி சர்வீஸைத் தவிர நம்பகமான வழி குறைவு. எங்கே விட்டாலும் ஜாப் கார்டில் "ஸ்டார்ட்டிங் பிராப்ளம்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இருபது விநாடி கழித்து எடுக்கிறது, ஹேண்ட் பம்ப் அடித்தால் உடனே எடுக்கிறது" என்று எழுதச் சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் எத்தனை பார், பேட்டரி எத்தனை வோல்ட் என்ற இரண்டு எண்ணையும் பில்லிலேயே கேட்டு வாங்குங்கள். அந்த இரண்டு எண்ணைச் சொல்ல முடியாதவர் பம்ப் மாற்ற வேண்டும் என்றால், வண்டியை அடுத்த இடத்துக்கு இழுத்துச் செல்லும் வாடகை மலிவு.